காது கேக்காத கடைக்காரர்

ரத்தினவேலின் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கொலுபொம்மைப் பட்டறையில் அவனுக்கு வேலை. அச்சில் மண்கரைசலை ஊற்றும்போது பேசுவான். அச்சு ஈரத்தைக் குடித்து மண் இறுகும்வரை பேசுவான். அச்சைப் பிரித்துப் பச்சைப் பொம்மையை வெளியே எடுக்கிற நேரம் மட்டும் வாயை மூடுவான். அதுவும் பொம்மையின் மூக்கு ஒடிந்துவிடுமே என்ற பயத்தில். "மாமா வாயில இருக்குற சூட்டச் சூளைக்குத் திருப்பி வுட்டா ஓனருக்கு கேஸு மிச்சம்" என்பான் பக்கத்தில் நின்று வேலை செய்யும் மாயவன்.

அப்பேர்ப்பட்டவனுக்கு மகள் பிறந்தபோது அவளுடைய மேலண்ணம் பிளந்திருந்தது. கொளஞ்சியம்மாள் என்று பெயர் வைத்தார்கள். கூப்பிடுவது கொளஞ்சி. பதினோராவது மாதம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அண்ணத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். தையல் ஆறுவதற்குள் குழந்தை வாயில் விரலை விட்டுவிடக்கூடாது என்று இரண்டு முழங்கைகளையும் மடக்க முடியாதபடி அட்டை வைத்துக் கட்டினார்கள். அந்த இரண்டு வாரமும் கொளஞ்சி, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டிக்கொண்டே கிடந்தாள். ரத்தினவேல் தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்ள அவளால் முடியவில்லை. கட்டைபோல இருந்த அந்தக் கைகள் இரண்டும் அவன் தோளில் வந்து இடித்தது இன்றைக்கும் அவனுக்கு மறக்கவில்லை.

தையல் ஆறியது. குடித்த பால் மூக்கு வழியாக வருவது நின்றது. பேச்சு மட்டும் நேராக வரவில்லை. காற்றெல்லாம் மூக்குக்குப் போய்விட்டது. 'ப' என்று சொல்ல வாயெடுத்தால் 'ம' வரும். 'க' தொண்டைக்குள்ளேயே வெட்டுப்பட்டு நின்றுவிடும். அதனால் அவளுக்கு அம்மாவும் அம்மா, அப்பாவும் அம்மா. நாலு வருஷமாக ரத்தினவேல் 'அம்மா' என்ற கூப்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான். எந்த அம்மா தனக்கு, எந்த அம்மா தன் மனைவி வேம்புவுக்கு என்பதில் அவனுக்குக் குழப்பமே வந்ததில்லை. கடைசியில் கொஞ்சம் இழுத்தால் அது அவன்.

மகள் சொல்வது ஊரில் வேறு யாருக்கும் புரியாது, அவனுக்குப் புரியும். அதில் அவனுக்கு ஒரு பெருமை. வண்டியில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவான். கொளஞ்சி மூக்கால் ஏதோ இரண்டு வார்த்தை சொல்வாள். "'தாத்தா, ஒங்க முட்டி வலி தேவலாமா, மருந்து போட்டீங்களா'ன்னு கேக்குது பாப்பா" என்று ரத்தினவேல் எடுத்துச் சொல்வான். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாம், "என்னா அறிவு பாரு" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவள் கேட்டது பன்னாக இருக்கும். அதையும் அவன் வாங்கிக் கொடுத்துவிடுவான். அவளுக்குக் குறை ஒன்றுமில்லை.

நாலரை வயதில், மார்கழி மாதம், மறுபடி பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சிவசங்கரி மேடம் கொளஞ்சியை எதிரில் உட்காரவைத்தார்.

"உன் பேரு என்னா பாப்பா?"

"கொளஞ்சியம்மாள் மேடம்" என்றான் ரத்தினவேல்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

கொளஞ்சி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு இட்டிலி மேடம். தக்காளிச் சட்னி. காரமா இருக்குதுன்னு சக்கர தொட்டுக்கிச்சு. பஸ்ஸுல வரும்போது ஒரு வாழப்பழம், அதுலயும் பாதிதான்..."

சிவசங்கரி பேனாவை மூடிவைத்தார். "சார், ஒங்க பேச்ச நல்லா சோதிச்சுட்டேன். ஒரு குறையும் இல்ல. இப்ப பாப்பாவப் பாக்கலாமா?"

வேம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் சிவசங்கரி ஒரு சின்னக் கண்ணாடியைக் கொளஞ்சியின் மூக்குக்குக் கீழே பிடித்து, 'பாப்பா' என்று சொல்லச் சொன்னார். 'மாம்மா' என்றாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "இதுல ரெண்டு விஷயம் இருக்கு. தச்ச அண்ணம் பேசும்போது மேல போயி சரியா மூடலன்னா காத்து மூக்குல போகும். அப்படி இருந்தா இன்னொரு ஆபரேஷன் வேணும். ஆனா பிளவு இருந்த காலத்துல பழகின பேச்சு, தச்சப்புறமும் பழக்கமா நின்னு போறது உண்டு. அது பயிற்சியில மாறும். இது ரெண்டுல எதுன்னு தெரியணும்னா பாப்பா பேசணும். அதுக்குப் பேசவேண்டிய அவசியமே இல்லாம வெச்சிருக்கீங்க. அது வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க கையில குடுத்துடறீங்க."

ரத்தினவேல் முகம் சுண்டிப்போனது. "சும்மா இல்ல மேடம். பலூன் ஊதச் சொல்றோம். ஊதல் வாங்கிக் குடுத்துருக்கோம். பட்டறையில பொம்மை மேல இருக்குற தூசியக்கூட பாப்பாவ வுட்டுத்தான் ஊதச் சொல்றாங்க. எல்லாரும் அவ்வளவு பாசம்."

"தூசியவா? மொதல்ல அத நிறுத்துங்க, நெஞ்சுக்கு ஆகாது. ஊதினா ஊதத்தான் வரும் சார். பேச்சு பேசித்தான் வரும்."

மூக்கை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு 'ப' சொல்லிப் பழக்குவது, பிறகு விரலை எடுத்துவிட்டு அதே காற்றை வாயிலேயே நிறுத்துவது, ஒரு நாளில் மூன்று முறை பத்துப் பத்து நிமிஷம், வாரம் ஒருமுறை செல்போனில் வீடியோவில் பாடம் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். "முக்கியமா ஒண்ணு. புரிஞ்சாலும் உடனே எடுத்துக் குடுக்காதீங்க. காத்திருங்க. தப்பா சொன்னா திட்டாதீங்க. நீங்க ஒரு தடவ சரியா சொல்லிக் காட்டுங்க. அஞ்சாறு மாசம் பாப்போம். மாற்றமே இல்லன்னா உள்ள கேமரா விட்டுப் பாத்து ஆபரேஷன் முடிவு பண்ணுவாங்க."

"இன்னொரு வாட்டின்னா... கையக் கட்டுவாங்களா மேடம்?"

"கட்டினாலும் கட்டலாம்."

திரும்பி வரும்போது நெய்வேலி வரைக்கும் ரத்தினவேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வேம்பு பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள் அவன். மறுநாளே பட்டறையில் கழித்துப்போட்ட பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். காது உடைந்த பசு, விரிசல் விழுந்த பூசணி, பானை, பப்பாளி, வாலில்லாத பாம்பு. எல்லாம் 'ப'வில் தொடங்குகிற சரக்கு. கூடத்தில் ஒரு பலகையைப் போட்டு அடுக்கி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடைக்காரராக உட்கார்ந்தான். இரண்டு காதிலும் பஞ்சு உருண்டை.

"வாங்க பாப்பா. என்னா வேணும்? கடைக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். நல்லா ஓங்கிச் சொல்லணும்."

வேம்பு முறத்தோடு வந்து நின்றாள். "காத்திருங்கன்னுதான மேடம் சொன்னாங்க? செவுடாவச் சொன்னாங்களா?"

"எனக்கு வாய மூடிக்கிட்டு இருக்க வராது வேம்பு. காத மூடிக்கச் சொன்னா வரும்" என்றான்.

பயிற்சி நேரத்தோடு கடையைக் கட்டியிருந்தால் போதும். ஆனால் பஞ்சை எடுத்ததும் பழைய வியாதி வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவள் சொல்லத் தொடங்குமுன் அவன் நாக்கு சொல்லி முடித்துவிடும். அதனால் கடையை எடுத்துவைத்த பிறகும் காது மந்தமாகவே இருந்தான். டீக்கடையில், "பாப்பா என்னா சொல்லுது ரத்தினம்?" என்று கேட்டால், "எனக்கும் கேக்கல, அதையே கேளுங்க" என்றான்.

கொளஞ்சிக்கு முதலில் விளையாட்டாக இருந்தது. இரண்டு நாளில் கோபம் வந்தது. பூசணியைத் தூக்கி அடித்தாள். அது நாலு துண்டானது. அப்புறம் எட்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. வேண்டியதைக் கையால் காட்டினாள். அப்பா பக்கத்தில் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ரத்தினவேல் அந்த வாரம் பட்டறையில் மூன்று பிள்ளையார்களின் தும்பிக்கையை ஒடித்தான்.

"மாமா, நீ பேசாம இருந்தா எனக்கு வேல ஓடலய்யா" என்றான் மாயவன். "போய்ப் புள்ளைக்கு வேண்டியத எடுத்துக் குடு. எந்தக் கொழந்த பேச்சு வராம கெழவியாயிருக்குது?"

"கையக் கட்டுவாங்கடா மாயவா" என்றான் ரத்தினவேல். மாயவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாசி மகம் வந்தது. மணிமுத்தாற்று மணல் தெரியாமல் ஜனம். வேம்பு முன்னே போக, ரத்தினவேல் கொளஞ்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைகளைத் தாண்டி வந்தான். காகிதம் சுற்றிய பீப்பிகளைக் கம்பில் செருகி விற்கிறவன் முன்னால் கொளஞ்சி நின்றுவிட்டாள். கையைக் காட்டினாள். ரத்தினவேல் ஆகாயத்தைப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா... மீம்மி" என்றாள். அவனுக்குக் கேட்டது, புரிந்தது, கை தானாகப் பைக்குள் போனது. கையை அங்கேயே வைத்துக்கொண்டான்.

"ஆங்? என்னா?"

கொளஞ்சி மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். போகிறவர்கள் நின்றார்கள். "வாங்கிக் குடேன்யா. புள்ள எவ்ளோ நேரமா கேக்குது. கல்லு மனசு" என்று ஒரு கிழவர் திட்டினார். "இந்தாப்பா, நான் வாங்கித் தரேன்" என்று ஒரு அம்மாள் சுருக்குப்பையை எடுத்தாள். ரத்தினவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அவன் பீப்பிக்காரனின் மொத்தக் கம்பையும் வாங்கியிருப்பான்.

கொளஞ்சி எழுந்தாள். மணல் ஒட்டிய இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். தலையை அண்ணாந்து அவன் முகத்துக்கு நேராக, "அப்பா! பீப்பி!" என்றாள்.

அப்பா. நாலே முக்கால் வருஷத்தில் முதல் தடவை. ரத்தினவேல் அந்த இடத்திலேயே குந்திவிட்டான். "இன்னொரு வாட்டி சொல்லு தாயி" என்றான். அவள் விரலை எடுக்காமல் இன்னொரு முறை சொன்னாள். திட்டிய கிழவர், "இவன் எதுக்கு அழுவுறான்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு கடை நன்றாக ஓடியது. பங்குனி முடிவதற்குள் விரல் மூக்கை விட்டு இறங்கிவிட்டது. பசு வந்தது, பானை வந்தது, பாம்பு வந்தது. சிவசங்கரி வீடியோவில் கைதட்டினார். "'ப' நிக்கட்டும். அப்புறம் 'ட', அதுக்கப்புறம்தான் 'க'. அவசரம் வேண்டாம்."

சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் ரத்தினவேல் வேலைவிட்டு வந்தபோது, தெருமுனைப் பெட்டிக்கடை ஆராயி அவனை வழிமறித்தாள். அவன் காதருகே வாயை வைத்து ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: "வெங்காயத்தச் சுட்டுச் சாறு புழிஞ்சு ரெண்டு சொட்டு வுடு! எங்க மச்சானுக்கு அதுலதான் கேட்டுச்சு!"

ரத்தினவேலுக்குக் காது உண்மையாகவே அடைத்துக்கொண்டது. "யக்கா, எனக்கு என்னா?"

"எல்லாம் பாப்பா சொல்லிடுச்சு! மறைக்காத! வயசு ஆனா வர்றதுதான்!"

வீட்டுக்கு வந்து கேட்டால் வேம்பு சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். "ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுமா? பால்வாடி டீச்சர், கேஸு கொண்டாறவரு, ரேஷன் கடை வரிசை, ஒரு ஆள் பாக்கியில்ல. எல்லார்கிட்டயும் போய், 'எங்கப்பாவுக்குக் காது கேக்காது, சத்தமாப் பேசுங்க'ன்னு சொல்லிட்டு வருது. புரியலன்னா வுடறதில்ல. புரியற வரைக்கும் சொல்லுது."

"காது கேக்காதுன்னா சொல்லுது? 'க' நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே?"

வேம்பு சிரிப்பை நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வைகாசியில் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லித் தேதி வந்தது. போவதற்கு முன்னால், கொளஞ்சி அறிமுகமில்லாத ஒருவரோடு பேசுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார் சிவசங்கரி. நீங்கள் யாரும் நடுவில் வாய் திறக்கக்கூடாது, அதைப் பார்த்துவிட்டு டாக்டர்கள் பேசுவார்கள் என்றார். யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வேம்பு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நாலு நாளா ஒண்ணு கேட்டு என் உயிர வாங்குது. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டணுமாம்."

"எதுக்கு?"

"ஒங்களுக்குக் காது வரணுமாம்."

"உண்மையச் சொல்லிடலாம் வேம்பு. சாமி வரைக்கும் போவுது."

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவட்டும். பிராது எழுதறவரு தெரியாத ஆளுதான, அங்கயே வீடியோ எடுத்துடலாம். புதன்கெழம பாண்டி. அதுக்கப்புறம் என்னா வேணா சொல்லிக்கிங்க" என்றாள்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறை எதுவானாலும் காகிதத்தில் மனுவாக எழுதி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிடுவார்கள். கோர்ட்டில் கொடுக்கிற மாதிரிதான். பேர், ஊர், வழக்கு எல்லாம் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க வாசலில் நடராசன் என்கிற பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொளஞ்சி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். வேம்பு செல்போனைப் பிடித்தாள். ரத்தினவேல் ஒரு தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யாரு பிராது குடுக்கறது?" என்றார் நடராசன், வேம்புவைப் பார்த்து.

"நான்தான்" என்றாள் கொளஞ்சி.

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சரிங்க. பேரு?"

முதல் எழுத்து தொண்டையில் இடறியது. ரத்தினவேலின் வாய் திறந்தது. வேம்பு செல்போனை ஆட்டாமல் காலால் அவன் காலை மிதித்தாள். கொளஞ்சி ஒரு கணம் நின்றாள். யாரும் சொல்லாமலே மறுபடி தொடங்கினாள். "கொளஞ்சியம்மாள்."

"ஊரு?"

"விருத்தாசலம். பூதாமூர்."

"யாரு மேல பிராது?"

"எங்கப்பா காது மேல."

நடராசன் எழுதுவதை நிறுத்திவிட்டு ரத்தினவேலைப் பார்த்தார். ரத்தினவேல் கோபுரத்தைப் பார்த்தான்.

"என்னா வழக்கு? வெவரமாச் சொல்லு. சாமி படிக்கணும்ல."

"பாண்டிக்குப் போய்ட்டு வந்தோம். அப்பறம் கேக்காமப் போச்சு. காதுல பஞ்சு போட்டுருக்காங்க. பட்டறையில எல்லாரும் சிரிக்கறாங்க. எங்கப்பாவுக்குப் பேசறதுன்னா ரொம்பப் புடிக்கும். இப்பப் பேசறதே இல்ல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "முன்னாடி நான் என்ன சொன்னாலும் அப்பாவுக்குப் புரியும். யாருக்கும் புரியாது, அப்பாவுக்குப் புரியும். இப்பப் புரியல. பாவம்."

நடராசன் எல்லாவற்றையும் எழுதினார். "பெரிய வழக்குதான். கட்டிடுவோம். மூணு நாளுல ஆவும், இல்லன்னா மூணு வாரம், போனாப் போவுது மூணு மாசம்." காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, ரத்தினவேல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்: "பொண்ணு தெளிவா சொல்லுதுய்யா! கொஞ்சம் மூக்கடைச்ச மாரி இருக்குது, சளியா? ஓமத்தண்ணி குடு!"

சளியா என்று கேட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது. ரத்தினவேல் தூணுக்குப் பின்னால் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

புதன்கிழமை சிவசங்கரி அந்த வீடியோவை இரண்டு டாக்டர்களுக்குக் காட்டியிருந்தார். கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்தார். 'பாப்பா' சொன்னபோது கண்ணாடி சுத்தமாக இருந்தது. வேகமாகப் பேசினால் கொஞ்சம் ஆவி படிந்தது. டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, அண்ணம் அசைகிறது, இருந்ததில் பெரும்பகுதி பழக்கம்தான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், வருஷா வருஷம் வந்து காட்டுங்கள் என்றார். ரத்தினவேல் கொளஞ்சியின் இரண்டு முழங்கைகளையும் தடவிக்கொடுத்தான்.

"'க' எங்க சார் பழக்கினீங்க?" என்றார் சிவசங்கரி. "தனியா கார்டு காட்டினா தடுமாறுது. வீடியோவுல 'எங்கப்பா காது'ன்னு வர்ற எடத்துல மட்டும் பாப்பா வாயில 'க' கல்லு மாதிரி நிக்குது."

"ஊரெல்லாம் என் மானத்த வாங்கிப் பழகுனது மேடம்" என்றான். அப்புறம் தயங்கி, "நான் இனிமே காது கேக்கலாமா?" என்று கேட்டான்.

"தாராளமா கேளுங்க. நீங்க காத்திருக்கப் பழகிட்டீங்க. எடுத்துச் சொல்ற வேலைய மட்டும் மறுபடி ஆரம்பிச்சுடாதீங்க. இன்னும் ஒரு மூணு மாசம் தெனமும் பேச்சு குடுத்தா 'க' எல்லா வார்த்தையிலயும் வந்து உக்காந்துடும்."

மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணினால் பெரியவர் சொன்ன மூன்று நாள் கணக்குக்கு ஒரு நாள் கூடியிருந்தது. ரத்தினவேல் பல் விளக்கிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்ததும் கொளஞ்சி ஓடிவந்தாள். அவன் வலது காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, அதனருகே வாயை வைத்து, கத்தாமல் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, கேக்குதா?"

அவளிடம் இனி ஒரு பொய்கூடச் சொல்லக்கூடாது என்றுதான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"கேக்குது கொளஞ்சி. நல்லாக் கேக்குது."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை. "அம்மா, இந்தக் காது வந்துடுச்சு!" என்று கத்திவிட்டு, மறுபுறம் சுற்றி ஓடி, அவன் மடியில் முட்டிபோட்டு ஏறி, அந்தப் பஞ்சையும் எடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இந்தக் காது?"

அடுப்படியிலிருந்து வேம்பு எட்டிப் பார்த்தாள்.

ரத்தினவேல் கொஞ்சம் யோசித்தான். "அது இன்னும் வரல தாயி" என்றான். "அதுக்கு மூணு மாசம் ஆவும்போல இருக்குது. நீ தெனமும் அதுல எதாச்சும் சொல்லிக்கிட்டே இரு."

கொளஞ்சி அந்தக் காதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, பால்வாடியில் நடந்த ஒரு சண்டையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.